எண்ணெய்ப் போத்தலில் ஆணிக்கோடு

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வாக்கில் ஒரு பிளாஸ்டிக் போத்தல் எங்கள் வீட்டுக்கு வரும். ஒரு காலத்தில் ஆரஞ்சு சோடா இருந்த போத்தல். இப்போது அதில் இருப்பது வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கொஞ்சம் பெங்கிரி எண்ணெயும் கலந்த கலவை. பெங்கிரி என்பது இந்தப் பக்கத்தில் வளரும் ஒரு வாசப்புல். அதைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெயைச் சிங்களப் பெயரிலேயே சொல்லிப் பழகிவிட்டோம். போத்தல் வந்ததும் என் மனைவி அதை வாங்கி, மூடியைத் திறக்காமல், வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். போத்தலின் ஒரு பக்கம் முழுக்க ஆணியால் கீறிய கோடுகள். ஒன்றின்மேல் ஒன்றாக, சில இடங்களில் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். அவற்றில் எது கடைசிக் கோடு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்குத் தெரியும். எண்ணெய் அந்தக் கோட்டில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாட்டுப்பட்டிப் பக்கம் போவாள்.

எண்ணெய் மாட்டு உண்ணிக்கு. கோடு போடும் பழக்கம் என் அக்காவுடையது.

அக்காவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் சந்தேகத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கொடகவெலப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிசனில் ரப்பர், மேல் டிவிசனில் தேயிலை. அத்தான் இறந்த பிறகும் அக்கா கீழ் டிவிசனில், தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே இருந்து ரப்பர் பால் வெட்டினாள். நானும் மனைவியும் மேல் டிவிசனில், தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்தோம். இடையில் அரைமணி நேர நடை. அக்கா தன் லயத்து அறையான காம்பராவின் கதவைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவாள். பத்தடி போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பாள். சீனி டப்பாவை மூடும்போது சீனியின் மேல் விரலால் ஒரு சுழி போட்டு வைப்பாள். யாராவது அள்ளினால் சுழி கலைந்துவிடும். மாட்டைக் கட்டுகிற கயிற்றுக்கென்று அவளுக்குத் தனி முடிச்சு இருந்தது. வால் நுனியை இடதுபக்கமாக உள்ளே செருகிவிடுவாள். வேறு யாராவது அவிழ்த்துக் கட்டினால் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். என்னையும் விட்டுவைக்கவில்லை. நான் வெறுங்கையோடு போனால் என்ன கேட்டு வந்திருக்கிறான் என்று பார்ப்பாள். பணிஸ் வாங்கிக்கொண்டு போனால் இன்னும் கூர்ந்து பார்ப்பாள்.

அவளைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வருவதில்லை. தராசுக்கு முன்னால் நின்றே வளர்ந்தவர்கள் நாங்கள். கொழுந்துக் கூடையைத் தராசில் போட்டால் ஈரத்துக்குக் கழிவு, கூடைக்குக் கழிவு, முற்றல் இலைக்குக் கழிவு என்று கழித்துக்கொண்டே போவார்கள். முள் எங்கே நின்றது என்று எட்டிப் பார்ப்பதற்குள் அடுத்த கூடை ஏறிவிடும். அம்மா அப்படி எட்டிப் பார்த்துப் பார்த்தே கழுத்து நீண்டு போனவள். அக்காவுக்கு அந்தக் கழுத்து பிறக்கும்போதே இருந்தது. எனக்கும் கொஞ்சம் உண்டு. பிறகு வெளியிலிருந்து மருமகளாக என் மனைவி வந்தாள். நுவரெலியாப் பக்கம். சந்தேகத்தில் எங்கள் குடும்பத்துக்குச் சளைத்தவள் இல்லை.

மாடு வந்தது அவள் வழியாகத்தான். கல்யாணச் சீராக அவள் அப்பா ஒரு கிடாரி கொடுத்தார். எங்கள் வீட்டைச் சுற்றி அப்போது மாடு கட்ட இடமில்லை. அதனால் கிடாரியை அக்காவிடம் வாரத்துக்கு விட்டோம். வாரம் என்றால் எங்கள் பக்கத்தில் இதுதான்: மாடு கொடுத்தவருக்குச் சொந்தம், வளர்ப்பவருக்குப் பால். முதல் கன்று வளர்ப்பவருக்கு, இரண்டாவது கன்று மாட்டுக்காரருக்கு. பேச்சுதான், எழுத்து எதுவும் கிடையாது. ஊரில் பாதிச் சண்டை இதில்தான் தொடங்கும். பால் மறைத்தார்கள், கன்றை மாற்றினார்கள் என்று. என் மனைவியின் சொந்த அத்தை ஒருத்தி வாரத்துக்கு வாங்கிய மாட்டைத் தரகரிடம் விற்றுவிட்டு, பள்ளத்தில் விழுந்து செத்துப்போனது என்று அழுதாளாம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள், தன் மாட்டைப் புருஷனின் அக்கா கையில் ஒப்படைத்திருந்தாள். முதல் கன்று அக்காவுக்குப் போனது. மாடு இரண்டாவது தடவை சினைப்பட்டது. இந்தக் கன்று எங்களுக்கு. வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டிச் சமமாக்கி, நாலு கால் நட்டு, தகரமும் போட்டு வைத்துவிட்டாள் மனைவி. பிறக்காத கன்றுக்குப் பட்டி தயார்.

பெட்ரோலுக்கும் காஸுக்கும் ஊரே வரிசையில் நின்ற காலம் அது. மாட்டு மருந்தும் இல்லாமல் போனது. முதுகில் ஊற்றினால் உண்ணி உதிர்கிற மருந்தை முன்பு அரசாங்க மாட்டு டாக்டர் கொடுப்பார். அவரே கையை விரித்துவிட்டார். மழை விட்டு வெயில் அடித்த நாட்களில் உண்ணி பெருகியது. கீழ் லயத்தில் ஒரு மாடு காய்ச்சலில் படுத்து, இரத்தமாக மூத்திரம் பெய்து, மூன்றாம் நாள் செத்தது. உண்ணிக் காய்ச்சல் என்றார் டாக்டர். அதைப் புதைக்கும்போது அக்கா குழியருகில் நின்றாளாம். வீட்டுக்கு வந்ததும் எங்கள் மாட்டின் வாலைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். பழுத்த அவரை விதை மாதிரி உண்ணிகள் அடுக்கி இருந்திருக்கின்றன.

வேப்பெண்ணெய் வைத்தியம் யார் சொன்னதோ தெரியவில்லை. டாக்டரும் இருக்கலாம், பால் லொறிக்காரரும் இருக்கலாம். யார் சொன்னாலும் அக்கா உடனே நம்பியிருக்க மாட்டாள். டவுனில் எண்ணெய்க் கடை வைத்திருந்த நானாவிடம் அவள் எண்ணெய் வாங்கப் போனபோது நான் கூட இருந்தேன். நானா அளந்து ஊற்றப் போனார். அக்கா தடுத்து, மூடியில் கொஞ்சம் வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது. கசப்பு சரி. அப்புறம், இதில் என்ன கலந்திருக்கிறீர்கள் என்றாள். ஒன்றும் கலக்கவில்லை என்று நானா சத்தியம் பண்ணினார். சத்தியத்தை அவள் காதில் வாங்கவில்லை.

“நீங்களே ஒங்க கையில தேச்சுக் காட்டுங்க நானா. நான் கொஞ்ச நேரம் ஒக்காந்திருந்து பாக்குறேன்.”

நானா நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டு வியாபாரத்தைக் கவனித்தார். அக்கா கடை வாசலில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவக்கவில்லை, தடிக்கவில்லை. அதன் பிறகுதான் வாங்கினாள். பெங்கிரி எண்ணெய்க்கும் அதே பரீட்சை. வீட்டுக்கு வந்து தன் கெண்டைக்காலில் தடவிக்கொண்டு ரப்பர் மலைக்குப் போனாள். அன்று அட்டை கடிக்கவில்லை என்பதை என்னிடம் ஒப்புக்கொள்ளவே அவளுக்கு ஒரு வாரம் ஆனது. போத்தலில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று முதல் கோடு கீறியது அப்போதுதான்.

மாட்டுக்குத் தடவுவதில் அவள் வைத்திருந்த முறை ஒழுங்கானது. பால் கறந்து முடித்த பிறகுதான் போத்தலைத் தொடுவாள். முதலில் தொட்டால் எண்ணெய் வாடை பாலில் ஏறிவிடும், பால் லொறியில் முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெங்கிரி எண்ணெய் சும்மா இருந்தால் தோலை எரிக்கும், அதனால் அது கொஞ்சம்தான். வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து இளக்கிக்கொள்வாள். காதுக்குள், தாடைக்கடியில், முன்னங்கால் இடுக்கில், மடிக்கு மேலே, வாலுக்கு அடியில் துணியால் ஒற்றி ஒற்றித் தேய்ப்பாள். பெரிய உண்ணிகளைக் கையால் பிடுங்கி அடுப்பில் போடுவாள். மிச்ச எண்ணெயை வீணாக்க மனமில்லாமல் முதுகிலும் விலாவிலும் தடவிவிடுவாள். இந்தக் கடைசி வேலைதான் வினையானது.

நாங்கள் போயிருந்த ஒரு ஞாயிறு மாடு வெயிலில் நின்றது. கறுப்பு மாடு. முதுகு கண்ணாடி மாதிரி மின்னியது. எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. திரும்பி வரும் வழியில், கித்துள் மரத்தடியில் என் மனைவி நின்றுவிட்டாள். மாட்டுக்கு எதற்கு எண்ணெய் பூசுவார்கள் தெரியுமா என்று கேட்டாள். உண்ணிக்கு என்றேன். தரகர்கள் மாடு விற்கிறதற்கு முந்தின நாள் எண்ணெய் பூசுவார்கள், கிழட்டு மாடும் அன்றைக்குப் பளபளவென்று இருக்கும் என்றாள். தன் அத்தை மாட்டை விற்ற வாரமும் அது அப்படித்தான் மின்னியதாம். போதாததற்கு, அக்கா அந்தப் பக்கம் திரும்பியபோது இவள் வாலைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். அடியில் உண்ணி அப்படியே இருந்ததாம். உண்ணிக்கு மருந்து என்றால் உண்ணி ஏன் சாகவில்லை, சாகாத உண்ணியை விட்டுவிட்டு முதுகுக்கு ஏன் மினுக்கு என்பது அவள் கேள்வி. உள்ளதைச் சொல்வதென்றால், என் மனதிலும் அன்று ஒரு மூலையில் அந்தத் தரகர் வந்து உட்கார்ந்துகொண்டார். அக்காவையே சந்தேகப்படுகிறோமே என்று ஒரு பக்கம் வலித்தது. அக்கா என்றால் மட்டும் என்ன என்றும் தோன்றியது.

அடுத்த ஞாயிறு பேச்சோடு பேச்சாக, எண்ணெய் வேலை செய்கிறதா அண்ணி என்று என் மனைவி கேட்டாள். எண்ணெய் மெதுவாகத்தான் கேட்கும், பெரிய உண்ணி லேசில் சாகாது, குஞ்சு உண்ணி ஏறாமல் நிற்கும், வாராவாரம் விடாமல் தடவ வேண்டும் என்றாள் அக்கா. சொன்னது சரிதான். ஆனால் சந்தேகப்படுகிறவர் காதில் சரியான பதில்தான் இன்னும் மோசமாக விழும். முன்கூட்டியே யோசித்து வைத்த பதில் என்று முடிவு பண்ணினாள் என் மனைவி. அக்காவும் சும்மா இருக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒம் பொண்டாட்டி எதுக்கு மாட்ட இப்புடிச் சுத்திச் சுத்திப் பாக்குறா, கன்னு போடறதுக்கு முன்னாலயே ஓட்டிக்கிட்டுப் போகப் போறாளா என்று கேட்டாள். ஒருத்தி விற்றுவிடுவாள் என்று இவளுக்குப் பயம். மற்றவள் பிடுங்கிக்கொள்வாள் என்று அவளுக்குப் பயம். நடுவில் மாடு புல்லைத் தின்றுகொண்டு நின்றது.

பிறகு நடந்தது எனக்கு அது நடந்த நாள் சாயந்திரம்தான் தெரியும். மனைவியின் தம்பி நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்கிறான். செடிக்கு அடிக்கிற மருந்தில் மிச்சம் இருந்ததை அவனிடம் சொல்லி வாங்கி வைத்திருந்தாள். அங்கே சில பேர் அதையே தண்ணீரில் கலந்து மாட்டுக்கும் ஊற்றுவார்கள், உண்ணி ஒரே நாளில் உதிர்ந்துவிடும் என்று அவன் சொல்லியிருக்கிறான். ஒரு வேலைநாள் காலை, அக்கா ரப்பர் மலையில் இருக்கிற நேரம் பார்த்து, இவள் தனியாகக் கீழ் டிவிசனுக்குப் போயிருக்கிறாள். மாட்டை அவிழ்த்து வெளியில் கட்டி, முதுகு நெடுக ஊற்றியிருக்கிறாள். திரும்பப் பட்டியில் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, எனக்குச் சோறு போட்டாள். மாட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் அன்று கருவாட்டுக் குழம்பு வேறு வைத்திருந்தாள். முந்தின நாள்தான் அக்கா அந்த முதுகுக்கு எண்ணெய் பூசியிருந்தாள் என்பது அவளுக்குத் தெரியாது.

அக்கா மலையிலிருந்து வந்தவுடன் கயிற்றைத்தான் பார்த்திருக்கிறாள். முடிச்சு அவளுடையது இல்லை. யாரோ மாட்டை அவிழ்த்திருக்கிறார்கள். சந்தேகம் நேராகப் பக்கத்துக் காம்பராக் கங்காணியம்மா மேல் போனது. கங்காணியாக இருந்து ஓய்வெடுத்தவரின் மனைவி அவர். லயத்துக்குப் பின்னால் இருக்கும் கரைப் புல்லை யார் வெட்டுவது என்று இருவருக்கும் நெடுநாள் தகராறு. சாயந்திரம் மாட்டின் வாயிலிருந்து நுரை ஒழுகத் தொடங்கியது. தொடை நடுங்கியது. அக்கா எனக்குப் போன் பண்ணினாள்.

“தம்பி, எம் மாட்டுக்கு யாரோ என்னமோ செஞ்சிட்டாங்க. முடிச்சு மாறியிருக்கு.”

போனில் கேட்டதை அப்படியே மனைவியிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. செருப்பைத் தேடினாள், கிடைக்கவில்லை, வெறுங்காலோடு எனக்கு முன்னால் இறங்கத் தொடங்கினாள். கித்துள் மரத்தைத் தாண்டும்போது எனக்கு விளங்கிவிட்டது. கேட்கவில்லை. கேட்டால் அவள் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

லயத்து வாசலில் சனம் கூடியிருந்தது. மாடு பட்டியில் காலை அகட்டி நின்று தள்ளாடியது. வயிற்றில் எங்கள் கன்று. அக்கா கங்காணியம்மாவைப் பார்த்து, நீதான் அவிழ்த்தாய், நீதான் என்னவோ தின்னக் கொடுத்தாய் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒன் மாட்டுப் பக்கமே வரவில்லை என்பதை அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் அவருக்காகப் பேசவில்லை. புல்லுத் தகராறு ஊருக்கே தெரியும். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

நான் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். சிங்களவர், எங்கள் பக்கத்து மாடுகளையெல்லாம் பெயர் சொல்லி விசாரிப்பவர். பைக்கில் பெட்ரோல் இல்லை, பால் லொறி இந்தப் பக்கம் வரும்போது ஏறி வருகிறேன் என்றார். பிறகு அவர் கேட்டது ஒரே கேள்விதான். “மொனவாத காவே?” என்ன பூசினீர்கள்? எண்ணெய் மட்டும்தான் என்று அக்கா போனுக்குள் கத்தினாள். எண்ணெய்க்கு இப்படி வராது என்றார். தின்னக் கொடுத்த விஷமாக இருந்தால் ஒரு வைத்தியம், தோலில் பட்டதாக இருந்தால் வேறு வைத்தியம், எதுவென்று தெரியாமல் நான் எந்த ஊசியை எடுத்துக்கொண்டு வருவது என்று கேட்டார். போன் என் உள்ளங்கையில் திறந்தபடி இருந்தது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சில நொடிகள் போல் நான் வாழ்க்கையில் பயந்ததில்லை. அவள் வாய் திறக்காவிட்டால் நான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அப்புறம் எங்கள் வீட்டில் எதுவும் பழையபடி இருக்காது.

“கங்காணியம்மா இல்லீங்க அண்ணி. நான்தான். காலையில வந்து மருந்து ஊத்துனேன். மரக்கறிக்கு அடிக்கிறது.”

அக்கா அவளை அடிப்பாள் என்று நினைத்தேன். லயமே அப்படித்தான் நினைத்தது. அக்கா கையை ஓங்கவில்லை. என்ன மருந்து, எவ்வளவு, போத்தல் எங்கே என்று மட்டும் கேட்டாள். மனைவி மருந்துப் பெயரைச் சொல்ல, நான் போனில் சொன்னேன். டாக்டர் அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டார். எண்ணெய் பூசின தோலில் அதை ஊற்றினால் வேகமாக உள்ளே போய்விடும், உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், எண்ணெய் சுத்தமாகப் போகிற வரைக்கும் கழுவுங்கள், நக்க விடாதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள் என்றார். நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா வாளியைத் தூக்கிவிட்டாள்.

சவர்க்காரமும் அப்போது அருமைப்பட்ட சாமான்தான். முதலில் ஒரு முழுக்கட்டியோடு ஓடி வந்தவர் கங்காணியம்மா. சேலையைச் செருகிக்கொண்டு மாட்டின் ஒரு பக்கம் நின்று தேய்க்க ஆரம்பித்தார். மறுபக்கம் என் மனைவி. அக்கா தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாட்டின் காதோடு என்னவோ பேசிக்கொண்டே இருந்தாள். பீலியிலிருந்து லயத்துச் சனம் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தது. நுரை கறுப்பாக ஓடியது, பிறகு சாம்பல் நிறமாக ஓடியது, பிறகு வெள்ளையாக ஓடியது. பால் லொறி வந்து, டாக்டர் இறங்கி, ஊசி போட்டார். தப்பிவிடும் போல் இருக்கிறது, கன்றைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்றார். மனைவி அதைக் கேட்டுவிட்டுச் சவர்க்காரக் கையோடு தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அக்கா அழவில்லை. கையிலிருந்த கயிற்றைக் கட்டித் தன் முடிச்சைப் போட்டாள்.

மாடு பிழைத்தது. கன்றும் வயிற்றில் தங்கியது. கங்காணியம்மாவிடம் அக்கா மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பெல்லாம் அவளுக்கு வராது. ஆனால் மறுநாளிலிருந்து அந்தக் கரைப் புல்லை அவள் வெட்டவில்லை.

அடுத்த ஞாயிறு நாங்கள் தலையைக் குனிந்துகொண்டுதான் போனோம். அக்கா தேத்தண்ணி கொடுத்தாள். உள்ளே போய் அந்தப் பிளாஸ்டிக் போத்தலை எடுத்து வந்து, வெளிச்சத்தில் பிடித்து, எண்ணெய் நிற்கிற இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறினாள். போத்தலை என் மனைவியின் மடியில் வைத்தாள்.

“எண்ணெ ஒன்கிட்ட இருக்கட்டும். மாடு எங்கிட்ட இருக்கட்டும். நான் ஒன்ன நம்பல, நீயும் என்ன நம்ப வேணாம். ஞாயித்துக்கெழம நீ இதக் கொண்டுக்கிட்டு வா, ரெண்டு பேருமா தடவுவோம்.”

இப்படி ஒரு ஏற்பாட்டை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை. என் மனைவிக்கு அது பிடித்திருந்தது. சரிங்க அண்ணி என்று உடனே ஒப்புக்கொண்டாள். அதன்பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. மழையானாலும் போத்தலைச் சீலைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கிவிடுவாள். போனவுடன் அக்கா போத்தலை வாங்கிக் கோட்டைப் பார்ப்பாள். இவள் கயிற்று முடிச்சைப் பார்ப்பாள். இரண்டும் சரியாக இருந்தால் வேலை தொடங்கும். ஒருத்தி காதைப் பிடிக்க, ஒருத்தி துணியால் ஒற்றுவாள். முதுகுக்கு எண்ணெய் பூசுவது நிறுத்தப்பட்டது. வாலுக்கடியில் யார் கண் கூர்மை என்று போட்டி நடக்கும். விட்டுப்போன உண்ணி ஒன்றை ஒருத்தி கண்டுபிடித்துவிட்டால் மற்றவளுக்கு அன்று முழுக்க இளக்காரம்தான். வாராவாரம் தடவத் தடவ உண்ணி குறைந்தது. அடியோடு போகவில்லை, எண்ணெய் அப்படிப்பட்ட மருந்தும் இல்லை. ஆனால் காய்ச்சல் எங்கள் பட்டிக்கு வரவில்லை. வேலை முடிந்ததும் புதுக் கோடு ஒன்று கீறி, போத்தலைத் திரும்ப இவள் கையில் கொடுத்துவிடுவாள் அக்கா. பிறகு இருவரும் கை கழுவி, வாசலில் உட்கார்ந்து, பொழுது சாய்கிற வரைக்கும் பேசுவார்கள். கையெல்லாம் வேப்பெண்ணெய் வாடையாக இருக்கும். பேச்சில் அதிகம் அடிபடுவது நான்தான் என்று எனக்குப் பலமான சந்தேகம் உண்டு.

இன்னொரு சந்தேகமும் உண்டு. கடைகளில் மருந்து திரும்ப வந்துவிட்டது. டாக்டரே வேண்டுமா என்று கேட்டார். இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். அக்கா சொன்ன காரணம், புது மருந்தில் என்ன கலந்திருக்கிறார்களோ என்பது. என் மனைவி சொன்ன காரணம், அண்ணி தனியாக ஊற்றினால் சரியாக ஊற்றுவாளோ என்பது. நான் இரண்டையும் நம்பவில்லை.

கன்று பிறந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. பெண் கன்று, தாயைப் போலக் கறுப்பு. முறைப்படி எங்களுக்கு வர வேண்டியது. என் மனைவி அதைத் தடவிக்கொண்டே, இது அண்ணிகிட்டயே இருக்கட்டும், எனக்கு வேண்டாம் என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். எதுக்கு வேணாங்கிறா, கன்னுக்கு ஏதும் கொறயா, இல்ல இதக் குடுத்துட்டு மாட்டத் திருப்பிக் கேக்கப் போறாளா என்று கேட்டாள். கன்று பால் மறந்ததும் அவளே கயிற்றில் பிடித்துக்கொண்டு மேல் டிவிசனுக்கு ஏறி வந்து, மனைவி நட்டு வைத்திருந்த பட்டியில் கட்டிவிட்டுப் போனாள். கட்டிய கயிற்றில் அவளுடைய முடிச்சு இருந்தது.

போன மழைக்காலத்தில் அக்காவுக்கு மூச்சிரைப்பு அதிகமானது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கொடுத்த மாத்திரையை முதலில் முகர்ந்து பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரிக்கும் அதே மாத்திரையா என்று விசாரித்த பிறகுதான் விழுங்கினாள். நான் அருகில் உட்கார்ந்திருந்த கடைசித் தடவை, என்னை யார் என்று கொஞ்சம் தடுமாறித்தான் அடையாளம் கண்டாள். பிறகு, மாட்டை யார் கட்டினது என்று கேட்டாள். உன் தம்பி பொண்டாட்டிதான் என்றேன். முடிச்சைப் பார்த்தாயா என்றாள். பார்த்தேன், உன் முடிச்சு மாதிரியே இருக்கிறது என்றேன். தான் போடுகிற முடிச்சை இவள் எப்போது பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்று யோசிக்கிற மாதிரி புருவத்தைச் சுருக்கினாள். அவள் முகத்தில் நான் கடைசியாகப் பார்த்தது அதுதான். இரண்டு நாளில் போய்விட்டாள்.

கருமாதி முடிந்து பெரிய மாட்டையும் மேலே எங்கள் பட்டிக்கு ஓட்டி வந்தோம். இப்போது மாடும் எண்ணெயும் ஒரே வீட்டில். இனி எப்போது வேண்டுமானாலும் தடவலாம். ஞாயிறு வந்தது, போனது. அடுத்த ஞாயிறும் போனது. போத்தல் அடுப்படித் தட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. மாடு வாலை அடித்துக்கொண்டே நின்றது. தாடைக்கடியில் உண்ணி ஏறியிருந்ததை நான் பார்த்தேன். எண்ணெய் தடவவில்லையா என்று கேட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கோட்டைப் பார்க்க ஆளில்லாமல் எப்படித் திறக்கிறது என்று சொன்னாள். திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னாள்.

ஒரு நாள் கங்காணியம்மா எங்களைப் பார்க்க ஏறி வந்தார். அக்கா இருந்தபோது ஒரு தடவையும் வராதவர். மாட்டையும் கன்றையும் பார்த்தார். கரைப் புல் இரண்டு கட்டு வெட்டிக் கொண்டுவந்திருந்தார். புறப்படும்போது என் மனைவி உள்ளே போய்ப் போத்தலை எடுத்து வந்தாள். வாசல் வெளிச்சத்தில் பிடித்து, எண்ணெய் நின்ற இடத்தில் ஆணியால் மெல்ல ஒரு கோடு கீறினாள். அதை அவர் கையில் கொடுத்து, இது உங்ககிட்ட இருக்கட்டுங்க, ஞாயித்துக்கெழமை கொண்டு வாங்க, ரெண்டு பேருமா தடவுவோம் என்றாள். கங்காணியம்மாவுக்குக் கண் கலங்கியது. லயத்துச் சனம் முழுக்கத் தன்னை விஷம் வைத்தவளாகப் பார்த்து நின்ற சாயந்திரம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். என்னை நம்பியா இதைத் தருகிறாய் என்று கேட்டார்.

“நம்பலங்க,” என்றாள் என் மனைவி. “எங்க அண்ணியும் என்ன நம்பாமத்தான் குடுத்தாங்க.”